காய்ச்சலோட லாகின் பண்ணா என்ன ஆகும்?

கேள்வி: வயசு 31, சென்னைல ஐடி வேலை. போன மாசம் டெங்கு வந்துச்சு டாக்டர். 103 காய்ச்சல்ல லீவ் கேட்டதுக்கு மேனேஜர், "வீட்லதானே இருக்கீங்க, படுத்துக்கிட்டே பாருங்க, நான் டைஃபாய்டு வந்தப்பவே சாஃப்ட்வேர் ரிலீஸ் முடிச்சவன்"னு சொன்னாரு. மீட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னாடி டோலோ 650 போட்டுட்டு உக்காருவேன். நாலாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு, சரியாயிடுச்சுன்னு ஃபுல் ஷிஃப்ட் பாத்தேன். அன்னிக்கு நைட்டே வயித்துவலி, வாந்தி, பிளேட்லெட் 48 ஆயிரம்னு அட்மிட் பண்ணிட்டாங்க. டிஸ்சார்ஜ் ஆகி மூணு வாரம் ஆச்சு, இன்னும் சாயங்காலமானா சுருண்டு படுத்துடறேன். வேலை பாத்ததாலதான் இப்படி ஆச்சா? இல்ல இப்ப நான் சோம்பேறி ஆயிட்டேனா?

பதில்: கடைசி கேள்விய முதல்ல முடிச்சுடறேன், சோம்பேறித்தனம் இல்லம்மா. டெங்கு வந்து போனவங்கள்ல நிறைய பேருக்கு ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல் ஆன பிறகும் சில வாரம் வரைக்கும் இந்த அசதி இருக்கும், மாடி ஏறினா மூச்சு வாங்கும், சிலருக்கு கொத்து கொத்தா முடிகூட கொட்டும். போயிடும். ஆனாலும் ஒரு தடவ சிபிசி (ரத்த அணுக்கள எண்ணற டெஸ்ட்), லிவர் டெஸ்ட் ரெண்டும் எடுத்து உங்க டாக்டர்ட்ட காட்டிடுங்க, ஹீமோகுளோபின் கம்மியா இருந்தா அதுவும் இப்படித்தான் இழுத்துப்போடும்.

வேலை பாத்ததால பிளேட்லெட் குறையல, அது வைரஸ் பண்ண வேலை, அந்தக் குத்தவுணர்ச்சி வேண்டாம். ஆனா லாப்டாப் முன்னாடி உக்காந்ததுல ரெண்டு விஷயம் கெட்டுப்போச்சு. ஒண்ணு தண்ணி. பேக் டு பேக் கால் இருக்கறவங்க எந்திரிச்சு பாத்ரூம் போகணுமேன்னே தண்ணி குடிக்க மாட்டாங்க, என் கிளினிக்குக்கு வர்ற பாதி பேர் இப்படித்தான், கேட்டா ரெண்டு காபி குடிச்சேன் டாக்டர்ம்பாங்க. டெங்குல ரத்தக்குழாய்லேர்ந்து நீர் கசிஞ்சு வெளிய போகும், ரத்தம் கெட்டியாகும், அப்ப கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ்னு உள்ள போய்க்கிட்டே இருக்கணும், ஆறு மணி நேரத்துல ஒரு தடவயாவது யூரின் போகணும். எல்லாரும் பிளேட்லெட்டையே பாத்துட்டு இருக்கோம், ஆனா ஆளை சாய்க்கறது பெரும்பாலும் இந்தக் கசிவுதான், அதுக்கு ரிப்போர்ட்ல ரத்தம் எவ்ளோ கெட்டியாச்சுன்னு காட்டற பிசிவின்னு ஒரு எண் இருக்கும், அத டாக்டர்ட்ட கேளுங்க. (பப்பாளி இலைச் சாறு பத்தி தனியா பத்து கேள்வி வந்திருக்கு, அத நம்பி ஆஸ்பத்திரி போறத தள்ளிப்போடாதீங்க, இப்போதைக்கு அவ்ளோதான்.)

ரெண்டாவதுதான் பெருசு. டெங்குல காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்தான நேரம், பொதுவா மூணாவது நாள்லேர்ந்து ஏழாவது நாளுக்குள்ள வரும், அதுக்கு அப்பறம் ஒண்ணு ரெண்டு நாள் கண்கொத்திப் பாம்பா பாக்கணும். நீங்க அன்னிக்குத்தான் ஃபுல் ஷிஃப்ட் பாத்திருக்கீங்க! விடாத வயித்துவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறுல ரத்தம், கருப்பா மலம், கை கால் ஜில்லுன்னு ஆகறது, காரணமே இல்லாம ஒரு அமைதியின்மை, இதுல எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு படுக்கக்கூடாது. நீங்க நைட்டே போனது உங்க நல்ல நேரம். ஆனா அதுக்கு முன்னாடியே சாயங்காலம் ஏதாவது காட்டியிருக்கும், மீட்டிங்ல இருக்கறப்ப கவனிச்சிருக்க மாட்டீங்க.

ஆபீஸ்ல இருந்திருந்தா பக்கத்து சீட்ல இருக்கறவங்க மூஞ்ச பாத்துட்டு "ஏய் என்ன இப்படி இருக்க, கிளம்பு முதல்ல"ன்னு விரட்டியிருப்பாங்க. வீட்ல கேமரா ஆஃப், மைக் மியூட், நீங்க வெளுத்துப்போய் உக்காந்திருக்கறது யாருக்கும் தெரியாது, பச்சை லைட் மட்டும் எரிஞ்சுட்டே இருக்கும். வொர்க் ஃப்ரம் ஹோம் வந்ததுல சளி இருமல் நாலு பேருக்குப் பரவாம இருக்கு, அது நல்லதுதான், லேசான ஜலதோஷம்னா வீட்லேர்ந்து ரெண்டு மணி நேரம் பாக்கறதுல தப்பில்ல, அதுவும் உங்களுக்குத் தோணினா. 100.4க்கு மேல காய்ச்சல்னா லாப்டாப்ப மூடுங்க, அவ்ளோதான். மீட்டிங்குக்காக மாத்திரை போடறதும் வேண்டாம், டோலோல இருக்கற பாராசிட்டமால் காய்ச்சல மறைக்கும், நோய குணமாக்காது, 650ன்னா ஆறு மணி நேரம் இடைவெளி, நாளைக்கு நாலுக்கு மேல கூடாது, டெங்குல லிவரும் அடிவாங்கும்ங்கறதால இன்னும் ஜாக்கிரதை. உடம்புவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் நீங்களா வாங்கிப் போடவே கூடாது, ரத்தக்கசிவு வரும்.

மேனேஜர் டைஃபாய்டு கதைக்கு வருவோம். நானும் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப 102 காய்ச்சல்ல கேனுலா போட்டுக்கிட்டே ட்யூட்டி பாத்துட்டு அத பத்து வருஷம் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சவன்தான். இப்ப நினைச்சா அன்னிக்கு எத்தன பேருக்கு மருந்து அளவு தப்பா எழுதினேனோன்னு பயமா இருக்கு. அவர் ரிலீஸ்ல எத்தன பக் இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, வேண்டாம், கேக்காதீங்க, அப்ரைசல் இருக்கு.

1947ல வந்த தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துலயே உடம்பு முடியலன்னா வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோட லீவ்னு இருக்கு, நீங்க ஒண்ணும் சலுகை கேக்கல. அடுத்த தடவ "லீவ் கிடைக்குமா சார்"னு போன்ல கேக்காம, "டாக்டர் அஞ்சு நாள் ஓய்வு சொல்லியிருக்காரு, சர்டிபிகேட் இணைச்சிருக்கேன், இத்தன நாள் லாகின் பண்ண மாட்டேன்"னு மெயில்ல எழுதிடுங்க. எழுத்துல இருந்தா "படுத்துக்கிட்டே பாருங்க"ன்னு பதில் எழுத அவருக்கும் கை வராது. இப்பவும் உங்க டாக்டர்ட்ட இன்னும் ரெண்டு வாரத்துக்கு பாதி நாள் வேலைன்னு எழுதி வாங்குங்க, மத்தியானம் ஒரு மணி நேரம் படுங்க.

அடுத்த தடவன்னு சும்மா சொல்லல. டெங்கு வைரஸ் நாலு வகை, ஒரு வகை வந்தா அதுக்குத்தான் எதிர்ப்பு நிக்கும், வேற வகை வந்தா ரெண்டாவது தடவ இன்னும் கடுமையா போக வாய்ப்பு அதிகம். இந்தக் கொசு பகல்ல கடிக்கறது, வீட்லேர்ந்து வேலை பாக்கறவங்க கால் பகல் பூரா டேபிளுக்கு அடியிலதானே இருக்கு. சாக்ஸ் போட்டு உக்காருங்க, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற தண்ணி ட்ரேயையும் மணி பிளான்ட் பாட்டிலையும் இந்த ஞாயித்துக்கிழமையே கொட்டிக் கழுவிடுங்க.