மஞ்சள் பையில் ஊசி: யார் பொறுப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. ஒரு தனியார் மருத்துவமனையில் கான்ட்ராக்ட் கம்பெனி மூலமாகத் துப்புரவு வேலை செய்கிறார். பத்து நாட்களுக்கு முன் வார்டில் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைக் கட்டித் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் தாண்டி விரலில் குத்திவிட்டது. சூப்பர்வைசர் டெட்டால் ஊற்றிக் கழுவச் சொல்லி, டி.டி. ஊசி போட வைத்து, அன்றே வேலைக்கு அனுப்பிவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. மருத்துவமனையில் கேட்டால் “கான்ட்ராக்டரைக் கேளுங்கள்” என்கிறார்கள். கான்ட்ராக்டரோ “கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்கிறார். அம்மா வீட்டில் தனித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறார். நாங்கள் என்ன செய்வது?
— கல்லூரி மாணவி, மதுரை மாவட்டம்

பதில்: முதலில் அந்தத் தனித் தட்டை எடுத்துவிடுங்கள். ஊசிக் குத்தில் பார்க்க வேண்டிய தொற்றுகள் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, சமைத்துக் கொடுப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ இவை பரவுவதில்லை. பரிசோதனைகள் முடியும்வரை அம்மா ரத்ததானம் செய்யக் கூடாது. பெற்றோர் ஆணுறை பயன்படுத்த வேண்டும். நகவெட்டி போன்ற, ரத்தம் படக்கூடிய பொருட்களைத் தனியாக வைத்தால் போதும்.

அம்மாவுக்குப் போட்ட டி.டி. ஊசி தவறில்லை. ஆனால் அது டெட்டனசுக்கு மட்டுமே தடுப்பு. “ஊசி போட்டாச்சே” என்ற நிம்மதியில் நேரத்தை இழப்பதுதான் பல மருத்துவமனைகளில் நடக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கான இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது சிறந்தது, ஏழு நாள்வரை போடலாம். இந்த இரண்டு கெடுவும் உங்கள் அம்மாவுக்குத் தாண்டிவிட்டன. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் மறைக்க முடியாது.

பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருப்பது உறுதியாகத் தெரிந்தால்கூட, ஊசிக் குத்தில் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். ஹெபடைடிஸ் சி சுமார் இரண்டு சதவீதம் அல்லது அதற்கும் கீழே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி-தான் பெரிய ஆபத்து: நோயாளிக்கு அது இருந்தால் 6 முதல் 30 சதவீதம். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும்.

அதனால் அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். போடவில்லை என்றால் உடனே தொடங்கி, ஒரு மாதம் கழித்து இரண்டாவதும் ஆறாவது மாதம் மூன்றாவதும் போட வேண்டும். மூன்றாவது ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புப் பொருள் அளவைப் பாருங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். இப்போது ஒன்று, பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம். இப்போதே எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று ‘இல்லை’ என்று வந்து பின்னால் ‘இருக்கிறது’ என்று வந்தால், முன்பே இருந்த நோய் என்று யாரும் தட்டிக்கழிப்பது கடினம். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் அதே நாளில் எடுங்கள். ஹெபடைடிஸ் சி-க்கு மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனையும், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) பரிசோதனையும் தேவை. தொற்று வந்தாலும் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும்.

இனி, யார் பொறுப்பு என்பது. மஞ்சள் பைக்குள் போக வேண்டியவை ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, உடல் திசு போன்றவை. ஊசிக்கு இடம், குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டி. பையில் ஊசியைப் போட்டது உங்கள் அம்மா இல்லை. மெல்லிய பரிசோதனைக் கையுறை எந்த ஊசியையும் தடுக்காது. கழிவைத் தூக்குபவருக்குத் தடித்த ரப்பர் கையுறை வேண்டும். இரவுப் பணியில் ஒரு நர்ஸ் பல படுக்கைகளைப் பார்க்கும்போது, வெள்ளைப் பெட்டி வார்டின் கோடியில் இருந்தாலோ நிரம்பி வழிந்தாலோ, ஊசி கைக்கெட்டிய பையில்தான் விழும். அந்த நர்ஸைத் திட்டுவதில் பயனில்லை, பெட்டியைப் படுக்கைக்கு அருகில் வைக்காத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டுமல்ல, கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, பாதுகாப்புக் கவசம், சேரும்போதும் பிறகு ஆண்டுதோறும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் தர வேண்டியவர் மருத்துவமனையை நடத்துபவர். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தொற்று அபாயமுள்ள மருத்துவமனையில் பணிபுரியும் எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கிடைக்கச் செய்யச் சொல்கிறது. துப்புரவு வேலையைக் கான்ட்ராக்டரிடம் கொடுக்கலாம், இந்தக் கடமையை அவரிடம் தள்ளிவிட முடியாது.

ஆகவே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நகல் கான்ட்ராக்டருக்கு. நாள், நேரம், வார்டு, பையின் நிறம், எந்த விரல், அருகில் இருந்தவர்கள், உடனே என்ன செய்தார்கள் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். விபத்துப் பதிவேட்டில் பதியவும், பரிசோதனை, தடுப்பூசிச் செலவை ஏற்கவும் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஊசிக் குத்துகளை மருத்துவமனை தன் ஆண்டறிக்கையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இணையதளத்திலும் அந்த அறிக்கையை வெளியிட வேண்டும். பழைய அறிக்கையைத் தேடிப் பாருங்கள். பெரிய மருத்துவமனையில் ஆண்டு முழுவதும் ஒரு குத்துக்கூட இல்லை என்று இருந்தால், குத்துகள் எழுதப்படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். பதில் வராவிட்டால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

அம்மாவின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். 10,000 ரூபாய்க்கு 75 ரூபாய் பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை இது பொருந்தும். வேலையில் நடந்த காயம் என்று சொல்லி ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதியுங்கள். தொற்று வந்து வேலைக்குப் போக முடியாமல் போனால் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். மருத்துவமனை வேலையில் தொற்றும் நோய், சட்டத்தின் பட்டியலில் தொழில்சார் நோயாகவே இருக்கிறது. கான்ட்ராக்டர் ஈ.எஸ்.ஐ. கட்டவில்லை என்றால், முதன்மை முதலாளி என்ற முறையில் மருத்துவமனைதான் கட்ட வேண்டும்.

வேலை போய்விடும் என்று அம்மா பயப்படுவார். பரிசோதனை முடிவைச் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. தனியாகக் கடிதம் கொடுக்கத் தயங்கினால், அதே தளத்தில் பை தூக்கும் மற்றவர்களையும் சேர்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாமல் இருக்கலாம். எல்லோருக்கும் போட வேண்டும் என்பதை அந்தக் கடிதத்தின் முதல் கோரிக்கையாக வையுங்கள்.