உள்ளே கற்ற தொழில் வெளியே கைகொடுக்குமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மத்திய சிறைகளில் தையல் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் தம்பி பைக் திருட்டு வழக்கில் நான்கு மாதமாகக் கிளைச் சிறையில் இருக்கிறான். மெக்கானிக் கடையில் வேலை பார்த்தவன். சும்மா உட்கார்ந்தே கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது. உள்ளே ஏதாவது தொழில் கற்றுத் தருவார்களா?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: மறைக்காமல் சொல்கிறேன் அம்மா. கிளைச் சிறையில் பெரும்பாலும் அதற்கு வழியே இருக்காது. வேலூரில் போலீசாருக்கு ஷூ தைப்பது, கோவையில் விசைத்தறியில் சீருடைத் துணி நெய்வது, புழலில் ரொட்டி சுடுவது என்று செய்தியில் வருவதெல்லாம் மத்திய சிறைகளில் நடப்பவை. அங்கே கடுங்காவல் தண்டனை பெற்றவர் வேலை செய்தே ஆக வேண்டும். உங்கள் தம்பி விசாரணைக் கைதி. அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அவராக விரும்பினால் வேலை தரலாம், கூலியும் தரலாம் என்று மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. ஆனால் கிளைச் சிறையில் தறி ஏது, மிஷின் ஏது?

2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் 75 சதவீதத்துக்கும் மேல் விசாரணைக் கைதிகள். இத்தனை பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது வேலையில் இருந்த காலத்திலேயே எனக்குத் தாங்காது. நாலு தையல் மிஷின், பக்கத்து ஐ.டி.ஐ.யிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து போகும் ஓர் ஆசிரியர். கிளைச் சிறைக்கு ஆரம்பத்தில் இது போதும். இதைச் செய்யாமல் இருக்கக் காரணமே கிடையாது.

சரி, இப்போது முதல் வேலை ஜாமீன். இதுபோன்ற வழக்கில் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. தாக்கல் ஆகிவிட்டதா என்று உடனே விசாரியுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வெளியே வந்ததும் உங்கள் மாவட்டத்தில் வங்கி நடத்தும் ஆர்செட்டி மையத்துக்கு அனுப்புங்கள். கிராமப்புற இளைஞர்களுக்குச் சாப்பாடு, தங்கும் இடத்தோடு இலவசப் பயிற்சி தருகிறார்கள். டூவீலர் மெக்கானிக் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். சிறையில் ஆறு வருடம் தையல் வேலை பார்த்ததாகச் சொல்லி ஒருவர் வேலை கேட்கிறார். பவர் டேபிளில் (கரண்டில் ஓடும் தையல் மிஷினில்) உட்கார வைக்கலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாக. ஆனால் முதல் நாளே பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, விட்டுவிடாதீர்கள். உள்ளே அவர் தைத்தது கெட்டியான காக்கித் துணி. அதுவும் முழுச் சட்டையாக, காலர் முனையை ஊசியால் நெம்பி எடுப்பதுவரை அவரே செய்திருப்பார். உங்களிடமோ இழுபடும் பனியன் துணி. நாள் முழுக்கத் தோள்பட்டை மட்டும் அடிக்க வேண்டும். வேகம் வர ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை ஷிப்ட் சம்பளம் கொடுங்கள். தையல் சுத்தமாக இருக்கும், அதை நம்பலாம்.

இன்னொன்று. உள்ளே கத்தரிக்கோலுக்கெல்லாம் எண் போட்டு, காலையில் எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்குவோம். ஒன்று குறைந்தாலும் யாரும் தொழிற்கூடத்தை விட்டு நகர முடியாது. அதனால் டீக்குக் கிளம்பும்போதுகூடக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்துவிட்டு, “போகலாங்களா?” என்று நிற்பார். யாரும் அதைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். சிறையில் இருந்ததைக் கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கட்டாயம் கேட்க வேண்டியது, ராத்திரி எங்கே படுக்கிறார் என்று. வெளியே வந்தவர்களுக்கு வேலையைவிட ரூம் கிடைப்பதுதான் கஷ்டம். முன்பணம் கொடுத்து ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தீர்கள் என்றால் ஆள் நிலைத்து நிற்பார்.

கேள்வி: குற்றம் செய்தவனுக்குக் கூலி எதற்கு?
(வாசகர், மதுரை)

பதில்: அவருக்குத் தண்டனை சிறைவாசம். ஓசியில் உழைப்பது அந்தத் தண்டனையில் சேராது. நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதிலும் முழுப் பணம் அவர் கைக்கு வருவதில்லை. சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு பங்கு பிடிப்பார்கள், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு ஒரு பங்கு போகும். மிச்சத்தைத்தான் பலர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு. அந்தப் பிள்ளைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லையே ஐயா.