தண்டவாளத்துக்கு வெளியே – கடிதம்

அன்புள்ள ஐயா,

குளிர்நாட்டு நகரங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் வடகிழக்குச் சீனத்து ஹார்பினுக்கு இரண்டே வரிகள்தான் கிடைத்தன. "ரஷ்யர்கள் வரைபடத்தில் கோடு இழுத்தார்கள், கோடு ஆற்றைத் தொட்ட இடத்தில் ஊர் முளைத்தது. அதற்கு முன் அங்கே வரலாறு என்று ஒன்றும் இல்லை." முதல் வரி சரி. இரண்டாவது உறுத்துகிறது. அவ்வளவு பெரிய ஆற்றின் கரையில் யாருமே இல்லாமலா இருந்திருப்பார்கள்?

நான் பிறந்து வளர்ந்தது ஈப்போ. தாத்தா சின்ன வயதில் காய்ச்சலுக்கு டாக்டர் வூவிடம் போனதாகச் சொல்வார். "சீனாவில் பிளேக்கை நிறுத்திய டாக்டர்" என்பார். அது ஹார்பினில் நடந்தது என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பினாங்கில் பிறந்தவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

அப்புறம் ஒரு சொந்தக் கேள்வி. குடும்பத்தோடு போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு. எந்த மாதம் நல்லது?

அன்புடன்,
ஆர்., ஈப்போ

*

அன்புள்ள ஆர்.,

அந்த இரண்டாவது வரி தப்பு. கட்டுரையை முடிக்கிற அவசரத்தில், கேட்க நன்றாக இருக்கிறதே என்று எழுதிவிட்டேன்.

இன்று ஹார்பின் மாநகர எல்லைக்குள் இருக்கும் அச்செங், 1115இல் ஜுர்சென்கள் நிறுவிய ஜின் அரசின் முதல் தலைநகர். அந்தப் படைதான் 1127இல் தெற்கே இறங்கி, சுங் வம்சத்துத் தலைநகர் காய்ஃபெங்கைப் பிடித்தது. பட்டத்திலிருந்த சின்சுங், அவருடைய தகப்பன் ஹுயிசுங் இருவரையும் கைதிகளாக வடக்கே இழுத்து வந்தது. ஹுயிசுங் பேரரசராக எப்படி இருந்தாரோ, ஓவியராகப் பெரிய கை. பூவும் பறவையுமாக வரைந்தவர். அவர் செத்தது 1135இல், இதே ஆற்றில் ஹார்பினுக்குக் கீழே இருக்கும் இன்றைய யீலானில். 1153இல் ஜின் அரசர் தலைநகரை இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்துக்கு மாற்றினார். நான்கு வருஷம் கழித்துப் பழைய அரண்மனைகளை இடிக்கவும் சொன்னார். இடித்தது போக மிச்சம் மண்மேடுதான்.

ஆக, வரலாறு இருந்தது. ஆனால் 1898இல் முளைத்த ஊர் அந்த மேட்டிலிருந்து கிளைத்ததல்ல. இதில் மட்டும் நான் பின்வாங்க மாட்டேன்.

ஏன் என்று தெரிய, வரைபடத்தில் ஆற்றின் மேல் விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். சீன-கொரிய எல்லையில் சாங்பாய் மலை. அதன் உச்சியில் எரிமலை வாய்க்குள் ஓர் ஏரி. அங்கே கிளம்பும் சொங்ஹுவா, பக்கத்தில் இருக்கும் கடலை விட்டுவிட்டு வடமேற்காக ஓடுகிறது. சமவெளிக்கு வந்து, வடக்கிலிருந்து வரும் நென் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, சட்டென்று வடகிழக்கே திரும்புகிறது. ஹார்பினைத் தாண்டி, தோங்ஜியாங்கில் அமூரில் விழுகிறது. அமூர் அங்கிருந்து கபரோவ்ஸ்க் வழியாக வடக்கே போய், வருஷத்தில் பாதி உறைந்து கிடக்கும் கடலில் கலக்கிறது. மஞ்சு மொழியில் இதன் பெயர் சுங்காரி. வானத்தில் பால்போலத் தெரியுமே, அந்த ஆறு என்று பொருள். நாம் ஆகாய கங்கை என்கிறோமே, அதேதான்.

இப்படிச் சீனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரஷ்யப் பக்கம் ஓடும் ஆறு யாருக்கு வசதி? 1895இல் ஜப்பானிடம் தோற்றுப்போயிருந்த சீனா, அடுத்த ஆண்டு ரஷ்யாவோடு ஓர் இரகசிய ஒப்பந்தம் போட்டது. இரண்டாம் நிக்கோலஸின் முடிசூட்டுக்குப் போன லீ ஹோங்ஜாங் கையெழுத்திட்டார். சைபீரிய ரயில் அமூரைச் சுற்றிக்கொண்டு போகாமல், சீனத்தின் வடகிழக்கான மஞ்சூரியாவுக்குள் புகுந்து குறுக்கே விளாடிவஸ்தோக் போக அனுமதி. அந்தக் குறுக்குப் பாதை சுங்காரியைத் தாண்டியாக வேண்டும். தாண்டுகிற இடத்துக்குத் தண்டவாளம், சிமெண்ட், எஞ்சின் எல்லாம் எப்படி வரும்? ரயில் இன்னும் போடவில்லையே. கபரோவ்ஸ்க் வரை ரயிலில், பிறகு நீராவிப் படகில் ஆற்றை எதிர்த்து மேலே. ரயிலையே ஆறுதான் தூக்கிக்கொண்டு வந்தது. தெற்கே துறைமுகத்துக்குப் பிரியும் கிளையும் அங்கிருந்தே கிளம்பியதால் முச்சந்தி ஆயிற்று.

முதலில் வந்து இறங்கிய பொறியாளர்கள் தங்க இடம் தேடி, பாழடைந்த சாராய ஆலை ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். நகரத்தின் முதல் முகவரி அதுதான். ஊர்ப் பெயருக்கு மீன்வலை உலர்த்தும் இடம் என்று ஒரு விளக்கம், அன்னம் என்று ஒரு விளக்கம். அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு மீன்வலை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான், ஆதாரம் கேட்காதீர்கள்.

பேட்டைப் பெயர்களைப் பாருங்கள். நான்காங் என்றால் தெற்கு மேடு. ரயில் அதிகாரிகள் அங்கே குடியிருந்தார்கள். ஆற்றோரத் தாழ்வில் ரஷ்ய வியாபாரிகளின் பேட்டை, பிரிஸ்தான், அதாவது படகுத்துறை. அதை ஒட்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஷான்தோங்கிலிருந்து பிழைக்க வந்த சீனக் கூலிகளின் ஃபூஜியாதியென். இன்று படகுத்துறைப் பேட்டையின் பெயர் தாவ்லி, மற்றதன் பெயர் தாவ்வாய். தண்டவாளத்துக்கு உள்ளே, தண்டவாளத்துக்கு வெளியே. பெயர் வைத்தவன் எந்தப் பக்கம் நின்று பார்த்தான் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆட்சிகள் எத்தனையோ மாறிவிட்டன, வெளியே இருப்பவர்கள் இன்னும் வெளியேதான்.

உங்கள் டாக்டர் வந்தது அந்த வெளிப்பக்கத்துக்கு.

வூ லியென்-டே 1879இல் பினாங்கில் பிறந்தவர். அங்கே அவர் பெயரை கோ லியன் டக் என்று எழுதினார்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, அரசி உதவித்தொகை வாங்கி, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். ஊர் திரும்பி அபினுக்கு எதிராகப் பேசினார். அபின் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அவருடைய மருந்தகத்திலேயே அபின் கலந்த மருந்து இருந்ததாக வழக்கு வந்து, அபராதமும் விழுந்தது. மனம் வெறுத்திருந்த நேரத்தில், தியென்ஜின் இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணைத் தலைவராக வரும்படி அழைப்பு. 1908இல் போனார். அபின்காரர்கள் சீனாவுக்குச் செய்த உபகாரம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

1910 டிசம்பர் 24, உறைகிற குளிரில் ஹார்பினில் இறங்கினார். ஃபூஜியாதியெனில் ஆட்கள் இரத்தம் துப்பி இரண்டு மூன்று நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள். தர்பகான் என்கிற மர்மோட் அணிலின் தோலுக்கு அந்த வருஷம் நல்ல விலை. பழக்கமில்லாதவர்களெல்லாம் வேட்டைக்குக் கிளம்பி, நோய்பட்ட விலங்கையும் தொட்டு உரித்தார்கள். பிறகு குளிருக்கு ஒதுங்கிய விடுதிகளில் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படப் படுத்தார்கள். ஊருக்கு ஊர் கொண்டுபோக ரயில் இருந்தது.

அன்று பிளேக் என்றால் எலி, எலியின் தெள்ளுப்பூச்சி. வூ வந்த மூன்றாம் நாள், விடுதிக்காரர் ஒருவரின் ஜப்பானிய மனைவி இறந்தார். பிணத்தை அறுப்பது பெரும்பாவம் என்று கருதிய காலம். இரகசியமாக அறுத்து நுரையீரலைப் பார்த்தார். கிருமி அங்கே மண்டிக்கிடந்தது. எலி வேண்டாம், மூச்சே போதும் என்று முடிவுக்கு வந்தார். பஞ்சை நடுவில் வைத்து மடித்த காஸ் துணியை மூக்கிலும் வாயிலும் கட்டச் சொன்னார். மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெனி இதை ஏற்கவில்லை. வயதில் சின்னவன் எனக்குச் சொல்வதா என்கிற கோபமும் சேர்ந்திருந்தது. முகக்கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரி 11இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு கவசம் போடாதவர் இல்லை.

தனிமைப்படுத்த இடம் போதாமல் ரஷ்யர்களிடம் சரக்கு ரயில் பெட்டிகளை இரவல் வாங்கி ஆட்களை வைத்தார்கள். இன்னொரு சங்கடம் பிணங்கள். தரை இரும்பாக உறைந்திருந்தது, குழி தோண்ட முடியவில்லை. ஊர் எல்லையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவங்கள், பெட்டியிலும் பெட்டியில்லாமலும், வரிசையாகக் கிடந்தன. எரிப்பதோ சீனர்களுக்கு முன்னோரைப் பழிக்கும் காரியம். வூ பேரரசருக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்கினார். சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி 31இல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஃபூஜியாதியெனில் புது நோயாளி இல்லை. மஞ்சூரியா முழுக்க மாண்டவர்கள் சுமார் 60,000 பேர்.

வூ அதன் பிறகும் ஹார்பினை மையமாக வைத்துப் பிளேக் தடுப்புப் பணியை நடத்தினார். 1931இல் ஜப்பானியர் மஞ்சூரியாவுக்குள் வந்தார்கள். நகரத்துக்குத் தெற்கே பிங்ஃபாங்கில் அவர்களுடைய இராணுவத்தின் 731ஆம் பிரிவு இதே பிளேக் கிருமியை ஆயுதமாக வளர்த்தது, மனிதர்கள் மேல் சோதித்தது. அதை ஒரு பத்தியில் எழுதக் கூடாது, தனியாக எழுதுகிறேன். வூ 1937இல் மலாயா திரும்பி உங்கள் ஊரில் மருத்துவம் பார்த்தார். 1960இல் பினாங்கில் காலமானார். தாத்தா சொன்னதைச் சந்தேகப்பட வேண்டாம்.

உள்பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். புரட்சிக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் சேர்ந்து 1920களில் ரஷ்யர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1932இல் கட்டி முடித்த சோஃபியா தேவாலயம், யூதர்களின் தொழுகைக் கூடம், 1900இல் தொடங்கிய பீர் ஆலை எல்லாம் இருக்கின்றன. ஆட்கள் இல்லை. 1935இல் சோவியத் அரசு ரயிலை விற்றதும் பல்லாயிரம் பேர் தாய்நாட்டுக்குப் போனார்கள். 1937-38இல் சோவியத்தில் 'ஹார்பின்காரர்கள்' என்றாலே ஜப்பானிய உளவாளி என்று பிடித்து, 30,000 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சியது சில சொற்கள். ஹார்பினில் பெரிய உருண்டை ரொட்டியை 'தாலியெபா' என்கிறார்கள். 'தா' சீனம், பெரிது. 'லியெபா' ரஷ்ய மொழியின் 'ஹ்லெப்', ரொட்டி. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். மேல்தோல் கறுத்து, உள்ளே லேசான புளிப்பு.

ஆற்றுக்கு வருகிறேன். 'நடுத்தெரு' என்றே பெயர் கொண்ட வீதி முடிகிற கரையில் வெள்ளத்தடுப்பு நினைவுத்தூண் நிற்கிறது, 1958இல் கட்டியது. அதில் வெள்ளம் வந்த உயரங்களைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டுக் குறித்திருக்கிறார்கள். 1932க்கு 119.72 மீட்டர். 1957க்கு 120.30. 1998க்கு 120.89. கீழேயிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தபோது ஒன்று உறைத்தது. ஊரே மூழ்கித் தெருவில் படகு ஓடியது 1932இல், மூன்றிலும் தாழ்ந்த வெள்ளத்தில். 1998இல் தண்ணீர் அதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது, கரை தாங்கிவிட்டது. 1932இல் மேட்டிலிருந்த நான்காங் தப்பித்தது. தாவ்வாய் முதலில் போனது. சொல்லவா வேண்டும்.

2005 நவம்பர் 13இல் மேலே ஜிலின் நகரத்து இரசாயன ஆலை வெடித்து, சுமார் 100 டன் பென்சீன் வகை நஞ்சு ஆற்றில் இறங்கியது. ஹார்பினில் குழாய்த் தண்ணீரை நான்கு நாள் நிறுத்தினார்கள். முதலில் வந்த அறிவிப்பு என்ன தெரியுமா? குழாய்ப் பராமரிப்பு. ஜனங்கள் நம்பாமல் கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்கு மொய்த்த பிறகு உண்மையைச் சொன்னார்கள். நஞ்சு டிசம்பரில் கபரோவ்ஸ்குக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு காலத்தில் தண்டவாளம் வந்த அதே வழியில், தலைகீழாக.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். எல்லோரும் ஐஸ் திருவிழாவுக்கு ஜனவரியில் போவார்கள். சராசரியே மைனஸ் 18, கூட்டம் வேறு. நான் போனது டிசம்பர் முதல் பாதி. அப்போதுதான் ஆற்றில் ஐஸ் அறுக்கிறார்கள். மேலே கிடக்கும் பனியைப் பெருக்கித் தள்ளி, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ரம்பம் பொருத்திய வண்டியால் முக்கால்வாசி ஆழம் அறுக்கிறார்கள். நாலைந்து பேர் வரிசையாக நின்று, குரல் கொடுத்துக்கொண்டே கடப்பாரையை ஒரே நேரத்தில் இறக்க, பாளம் 'டக்'கென்று விடுபட்டு மிதக்கிறது. துரட்டி மாதிரியான கொக்கியால் கரைக்கு இழுக்கிறார்கள். சரக்குந்தில் ஏற்றும்போது வெயில் பட்டால் உள்ளே இளம்பச்சை. திருவிழாவின் கோட்டை கொத்தளமெல்லாம் இந்த ஆறுதான். 1963இல் முதல் விழா நடந்தபோது வாளியில் தண்ணீரை உறையவைத்து, நடுவில் உறையாததைக் கொட்டிவிட்டு, உள்ளே விளக்கு வைத்தார்கள்.

1901இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் இப்போது ரயில் இல்லை, நடக்க விட்டிருக்கிறார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர். அறுக்கிற இடம் எங்கே என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆண்டுக்காண்டு மாறும். பிள்ளைகளுக்குக் கையுறை இரண்டு ஜோடி எடுத்துவையுங்கள். ஃபோனைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள். என்னுடையது பாலத்தின் நடுவிலேயே அணைந்துவிட்டது, அதனால்தான் இந்தப் பதிலோடு படம் எதுவும் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்