வளைத்தும் நகராத உச்சி

வணக்கம் சார்,

கிண்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கு தடிமனுள்ள குறைகடத்தியான மாலிப்டினம் டைசல்ஃபைடின் துணுக்கை (ஃபிளேக்) செலோடேப்பால் உரித்து, 0.5 மி.மீ. பிஇடி பிளாஸ்டிக் தாளில் ஒட்டினேன். வெர்னியர் அளவியின் தாடைகளுக்கு நடுவே 25 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் திரிபு (நீட்சி விகிதம்) 1 சதவீதம். லேசர் பட்டதும் ஃபிளேக் உமிழும் ஒளியின் உச்சி 670 நானோமீட்டரில் இருக்கிறது. அது 16 நானோமீட்டர் அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர வேண்டும். 4 தான் நகர்ந்தது. கணக்கில் பிழையா?

அன்புள்ள மாணவிக்கு,

கணக்கில் பிழையில்லை. தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது தாளின் மேற்பரப்புத் திரிபு. அது ஃபிளேக்குக்குப் போய்ச் சேர்ந்ததா? அதைப் பிடித்திருப்பது வெறும் வான்டெர்வால்ஸ் விசை என்ற பலவீனமான ஈர்ப்பு. மொசைக் தரையில் விரித்த பாய் மாதிரி வழுக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

சோதிப்பது எளிது. தட்டையாக, வளைத்து, மறுபடி நிமிர்த்தி, மூன்று முறையும் அதே புள்ளியில் அளந்து பாருங்கள். நிமிர்த்தியதும் உச்சி பழைய இடத்தைத் தாண்டி நீலப் பக்கம் போனால் வழுக்கல் உறுதி. வளைவில் தளர்ந்துகொண்ட ஃபிளேக் இப்போது நெருக்கப்படுகிறது.

வெர்னியர் முறையில் இன்னொரு வில்லங்கம். தாள் வட்ட வில்லாக வளைவதில்லை. வளைவு நடுவில் அதிகம், தாடையருகே ஏறக்குறைய பூஜ்ஜியம். ஃபிளேக் வளைவின் உச்சிமேட்டில்தான் இருக்கிறதா? ஆரத்தைப் பக்கவாட்டுப் படத்திலிருந்து அந்த இடத்துக்கு மட்டும் எடுங்கள். ஃபிளேக்கின் ஓரத்தில் அளக்காதீர்கள். திரிபு உள்ளே போகப் போகத்தான் ஏறும்.

அந்த 4 நானோமீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். சூடும் உச்சியைச் சிவப்புப் பக்கமே தள்ளும். சிலிக்கான் போல பிஇடி வெப்பத்தைக் கடத்தாது. 532 நானோமீட்டர் லேசரை 100 மைக்ரோவாட்டுக்குக் கீழே இறக்குங்கள். கூடவே ராமன் நிறமாலையும் எடுங்கள்; சிதறும் ஒளியில் அணுக்களின் அதிர்வுகளைக் கோடுகளாகக் காட்டும் அளவீடு அது. 385 செ.மீ.⁻¹-க்குப் பக்கத்துக் கோடு மட்டும் இறங்கி, 404-க்குப் பக்கத்தது அசையாமல் நின்றால் திரிபு. இரண்டும் சேர்ந்து இறங்கினால் பெரும்பாலும் சூடு.

பிடிமானத்துக்கு, ஃபிளேக்கின் இரு ஓரங்களிலும் 5 நானோமீட்டர் டைட்டானியம், மேலே 50 நானோமீட்டர் தங்கம் என்று பட்டை படிய வைக்கலாம். அந்த வசதி கிடைக்காவிட்டால் நீரில் கரைத்த பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) பாலிமரை மேலே சுழற்றிப் பூசிக் காயவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் தாளை 60 டிகிரியில் உலர்த்துவது நல்லது. ஐப்பசி மழையில் ஒட்டினால் அடியில் நீர்ப்படலம் சிக்கும். 70-ஐத் தாண்டினால் பிஇடி இளகிவிடும். பிவிஏ-வும் சென்னைக் காற்றின் ஈரத்தைக் குடித்து இளகும். பூசியதை சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைத்து, எடுத்த கையோடு அளந்துவிடுங்கள்.