மழைக்கால ஞாயிறுகளில் மாற்று சினிமா: ஊர்த் தியேட்டரில் திரையிடுவோருக்கு ஒரு கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஞாயிறு காலைக் காட்சியாக ஐந்தாறு உலகப் படங்களை ஊர்த் தியேட்டரில் போட நினைக்கும் திரைப்படச் சங்கத்தார் கேட்டவை இவை. பதில் சொல்பவர் புரொஜெக்ஷன் வேலை தெரிந்த உறுப்பினர்.

கே: தோழர், தீபாவளி நடுவில் வந்து நிற்கிறது. ஆறு வாரத்தை எப்படிப் பிரிப்பது? காட்சி எத்தனை மணிக்கு?

தீபாவளியை ஒட்டி முன்னால் ஒரு ஞாயிறு, பின்னால் இரண்டு ஞாயிறு, இந்த மூன்றையும் கேட்கவே வேண்டாம். அந்த வாரங்களில் உரிமையாளர் சரியென்று தலையாட்டினாலும், புதுப்படத்துக்குக் கூட்டம் வந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் காட்சி போய்விடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று வையுங்கள்.

காலை 9 மணி சரியாக இருக்கும். வழக்கமான காட்சி 11.30க்கு என்றால் 11 மணிக்கு அரங்கம் காலியாக வேண்டும், பெருக்க அரைமணி நேரம் வேண்டும். அறிமுகத்துக்குப் பத்து நிமிடம் போக, படம் 110 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பட்டியலை இந்த ஒரு கணக்கே பாதி முடிவு செய்துவிடும்.

கே: நல்ல ப்ளூ-ரே டிஸ்க்குகள் கைவசம் இருக்கின்றன. லேப்டாப்பிலிருந்து நேராகப் போட்டால் என்ன?

டிஸ்க் வாங்கும்போது கிடைப்பது வீட்டில் பார்க்கும் உரிமை மட்டும். பொதுத் திரையிடலுக்கு உரிமை வைத்திருப்பவரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டும். இந்தியாவில் திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. அது கழிந்த பழைய படமானாலும், புதுப்பித்த பிரதியை வைத்திருப்பவர் அதைத் தரக் கட்டணம் கேட்பார்.

கேட்க வேண்டிய இடங்கள்: இந்தியப் படங்களுக்குப் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். 1964இல் தொடங்கியது, இப்போது என்எஃப்டிசி என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்திருக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சுப் படங்களுக்குச் சென்னையில் கதே நிறுவனமும் அலியான்ஸ் ஃபிரான்சேஸும். இந்தக் கலாசார மையங்கள் வழியாக வரும் படங்கள் பெரும்பாலும் இலவசத் திரையிடலுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரும். கவுன்டரில் டிக்கெட் கிழித்தால் நிபந்தனையை மீறியதாகும். ஆண்டுச் சந்தாவிலிருந்து வாடகை கட்டலாமா என்பதையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கே: ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. லேப்டாப்பில் சொருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது. பழுதா சார்?

பழுதில்லை. தயவுசெய்து 'யெஸ்' மட்டும் அழுத்திவிடாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது டிசிபி, அதாவது டிஜிட்டல் சினிமா பேக்கேஜ். படத்தின் கோப்புகளைத் தியேட்டருக்கென்றே கட்டிய பொட்டலம். அது வரும் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் வகையில் ஃபார்மட் செய்தது, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. டிஸ்க்கை நேராகத் தியேட்டர் சர்வரில், அதாவது கேபினில் படத்தை ஓட்டும் கணினியில், சொருகுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரை மாற்றுவது, 'தேவையில்லாததை' நீக்குவது இரண்டும் கூடாது. ஒரு எழுத்து மாறினாலும் சர்வர் பொட்டலத்தை ஏற்காது.

நேரக் கணக்கு: 150 ஜிபி படம் பழைய யுஎஸ்பி 2 வழியாக ஏற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு காலை எட்டரைக்கு டிஸ்க்கோடு போய் நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

இன்னொன்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: தியேட்டரில் இருப்பது டிசிபி ஓட்டும் சர்வரா, செயற்கைக்கோள் வழியாகப் படம் இறங்கும் இ-சினிமா பெட்டியா? இரண்டாவது என்றால் உங்கள் டிஸ்க்கால் பயனில்லை. ஐரோப்பியப் படம் நொடிக்கு 25 ஃபிரேமில் இருந்தால், பழைய சர்வர் அதை ஓட்டுமா என்றும் கேளுங்கள்.

கே: படம் முழுதாக ஏறிவிட்டது, ஆனால் ஓட மறுக்கிறது. ஆபரேட்டர் 'கீ இல்லை' என்கிறார்.

பூட்டிய டிசிபிக்குக் கேடிஎம் என்ற சாவிக் கோப்பு வேண்டும். சில கேபி அளவுதான், மின்னஞ்சலில் வரும். அது ஒரே ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்கும். சிக்கல் இரண்டு வகையில் வரும்.

ஒன்று, தியேட்டரில் சர்வரை மாற்றியிருப்பார்கள், விநியோகஸ்தரிடம் பழைய சர்வரின் எண் இருக்கும். சீரியல் எண்ணை வாயால் கேட்டு எழுதாமல், சர்வர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

இரண்டாவது, நேரம். ஐரோப்பாவில் இருப்பவர் 'ஞாயிறு காலை 10 மணியிலிருந்து' என்று தன் ஊர்க் கணக்கில் போட்டிருப்பார். நவம்பரில் பாரிஸின் காலை 10 நமக்குப் பிற்பகல் 2.30. உங்கள் 9 மணிக் காட்சிக்குச் சாவி திறக்காது. 'வெள்ளி மாலை 6 முதல் ஞாயிறு இரவு 12 வரை, இந்திய நேரம்' என்று எழுதிக் கேளுங்கள். வெள்ளி என்பது ஏன் என்றால், சனி இரவு கடைசிக் காட்சி முடிந்ததும் சோதனை ஓட்டம் பார்க்கத்தான்.

கே: போன வருஷம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லோருக்கும் தலை வெட்டுப்பட்டது, சப்டைட்டிலும் காணோம். டிஸ்க்கில் கோளாறா?

டிஸ்க் நன்றாகத்தான் இருந்திருக்கும், கேபினில் அழுத்திய பட்டன் தப்பு. நம் ஊரில் ஓடும் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப், அதாவது அகலம் மிகுந்த சட்டம். ஆபரேட்டர் கை பழக்கத்தில் ஸ்கோப் பட்டனுக்கே போகும். 2கே என்ற டிஜிட்டல் அளவில் ஸ்கோப் சட்டத்தின் உயரம் 858 பிக்சல், அகலம் குறைந்த ஃப்ளாட் சட்டத்தின் உயரம் 1080. ஃப்ளாட்டில் வந்த படத்தை ஸ்கோப்பில் விரித்தால் மேலே 111, கீழே 111 பிக்சல் திரைக்கு வெளியே போகும். மேலே போனது தலை, கீழே போனது சப்டைட்டில் வரி.

அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு உள்ள பழைய படங்கள் ஃப்ளாட் சட்டத்துக்குள் 1480க்கு 1080 என்று நடுவில் உட்கார்ந்திருக்கும், இருபுறமும் கறுப்பு. அதுதான் சரியான தோற்றம். 'ஸ்க்ரீன் ஃபுல்லா இல்லையே' என்று யாராவது கேபினுக்குச் சொல்லி அனுப்பி, ஆபரேட்டர் பாதியில் இழுத்து நிரப்பிவிடுவதும் உண்டு. அறிமுகத்திலேயே ஒரு வரி சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை வராது. சோதனையின்போது சப்டைட்டில் இரண்டு வரியாக வரும் ஓர் இடத்தைத் தேடி நிறுத்துங்கள். கீழ் வரி முழுதாகத் தெரிந்தால் சட்டம் சரி.

கே: தமிழில் சப்டைட்டில் போட ஆசை. மொழிபெயர்ப்பு தயார். அப்படியே ஏற்றலாமா அண்ணா?

மொழிபெயர்ப்பைப் படத்தில் சேர்க்கவும் உரிமையாளர் சம்மதம் வேண்டும், அதை முதலில் வாங்குங்கள். அடுத்த சிக்கல் எழுத்துரு. தியேட்டர் சர்வர்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'பெண்' என்று கொடுத்தால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகார எழுத்து எல்லாமே இப்படிச் சிதறும். லேப்டாப்பில் சரியாகத் தெரிந்தது என்பதை நம்பிப் போகாதீர்கள்.

தீர்வு: ஒவ்வொரு வரியையும் பிஎன்ஜி படமாக மாற்றிச் சேர்ப்பது, அல்லது பூட்டில்லாத பிரதி தந்தால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் படத்தோடு பதித்துவிடுவது. பூட்டிய டிசிபியில் பதிக்க முடியாது.

ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கில சப்டைட்டிலை வரிக்கு வரி பெயர்த்தால் வாசித்து முடிப்பதற்குள் ஷாட் மாறிவிடும். 'அவன் சொல்லிக்கொண்டிருந்ததை' என்பதைச் 'சொன்னதை' என்று சுருக்கத் தயங்காதீர்கள்.

கே: எங்கள் தியேட்டர் தகரக் கூரை. மழை பிடித்தால் வசனமே கேட்காது. கரன்ட்டும் போகும்.

ஒலியில் கொஞ்சம் செய்யலாம். டால்பி ஒலி ப்ராசஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு 7தான் அளவுகோல். இரைச்சலான படங்களுக்காக அதை 4இல் வைத்திருப்பார்கள், அது 10 டெசிபல் குறைவு. மெதுவாகப் பேசும் படம் 4இல் மழை இல்லாமலே கேட்காது. சோதனையில் 5.5, 6 என்று ஏற்றிப் பாருங்கள். அரங்கம் நிறைந்தால் ஒலி இன்னும் அடங்கும். ஒரே ஒலித்தடம் கொண்ட பழைய மோனோ படத்தின் ஒலி நடு ஸ்பீக்கரில் மட்டும் வருவது இயல்பு, பக்கவாட்டில் திறக்கச் சொல்லாதீர்கள். அடைமழை என்றால் எந்த ஃபேடரும் காப்பாற்றாது.

கரன்ட் விஷயத்தில் கேட்க வேண்டியது: சர்வருக்கு யுபிஎஸ் உண்டா? ஜெனரேட்டர் டீசல் யார் செலவு? சர்வர் அணைந்தால் மறுபடி எழவே சில நிமிடம் ஆகும். புரொஜெக்டரில் இருப்பது செனான் விளக்கு என்றால், சூட்டோடு அணைந்ததை உடனே கொளுத்தச் சொல்லி ஆபரேட்டரை அவசரப்படுத்தாதீர்கள். விசிறி ஓடிச் சூடு தணிய வேண்டும், இல்லாவிட்டால் விளக்குக்குக் கேடு, விலையும் அதிகம். அந்த இடைவெளியில் பேச ஆள் ஒருவரைத் தயாராக வைத்திருங்கள்.

கே: தணிக்கைச் சான்று இல்லாத படம்?

1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குச் சான்று வேண்டும். விலக்கு தரும் அதிகாரம் மத்திய அரசிடம். 1959இல் தொடங்கிய திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் உங்கள் சங்கம் பதிவாகியிருந்தால் அவர்கள் வழியாக விண்ணப்பியுங்கள். கடிதம் கையில் வராமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள். தியேட்டர் உரிமையாளர் பயப்படுவது தன் சி ஃபார்ம் உரிமத்துக்கு, அதாவது தியேட்டர் நடத்தும் உரிமத்துக்கு, அந்தப் பயம் நியாயமானது.

கே: இடைவேளை விடாவிட்டால் கேன்டீன்காரர் கோபிக்கிறார் தோழர்.

கோபிக்கத்தான் செய்வார், அவர் பிழைப்பே அந்தப் பத்து நிமிடம். எட்டரைக்கே கேன்டீனைத் திறக்கச் சொல்லுங்கள், படம் முடிந்ததும் கலந்துரையாடலை அரங்கில் வைக்காமல் கேன்டீன் பக்கம் வையுங்கள். அரங்கமும் நேரத்துக்குக் காலியாகும். ஆபரேட்டரிடம் 'இடைவேளை இல்லை' என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பழக்கத்தில் நடுப்படத்தில் விளக்கைப் போட்டுவிடுவார். விட்டே தீர வேண்டும் என்றால் எந்தக் காட்சி முடிந்ததும் என்று சோதனையிலேயே பார்த்து, மணி, நிமிடம், நொடியோடு அதே காகிதத்தில் குறித்துக் கொடுங்கள்.