அறிவியல் கேள்வி–பதில்: படத்தில் தெரிவது மரபணுவா, துகளா?

கேள்வி: செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுசேர்க்க, பாலிஎத்திலீனிமைன் என்ற நேர்மின் பாலிமர் பூசிய இரும்பு ஆக்சைடு நானோ துகளில் பிளாஸ்மிட் (வட்ட வடிவ) டி.என்.ஏ. ஏற்றுகிறேன். கால் மணி நேரத்தில் குழாயின் அடியில் பழுப்பாகப் படிந்துவிடுகிறது. துகள் கெட்டுவிட்டதா? – எம்.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்

பதில்: துகள்மேல் பழி போடுமுன் கணக்கைப் பாருங்கள். டி.என்.ஏ.யின் பாஸ்பேட் எதிர்மின், பாலிமரின் நைட்ரஜன் நேர்மின். இரண்டும் சரிக்குச் சரியானால் துகள்களை விலக்கி வைக்க எதுவும் இல்லை. ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கும். 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ.யில் சுமார் 3 நானோமோல் பாஸ்பேட். நைட்ரஜன் அதைப்போல் பத்து மடங்கு இருக்க 1.3 மைக்ரோகிராம் பாலிமர் வேண்டும். இது துகளின்மேல் நிஜமாக ஒட்டியிருக்கும் அளவு, பூசும்போது பாட்டிலிலிருந்து எடுத்த அளவல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஒட்டாத பாலிமரைக் காந்தம் வைத்து மூன்று நான்கு முறை கழுவி நீக்குங்கள். விட்டுவைத்தால் அது தனியாக டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்ளும், துகள் வெறுங்கையோடு போகும்; போதாததற்குச் செல்லையும் கொல்லும். காந்தத்திலேயே இரவெல்லாம் விடாதீர்கள், கட்டி பிறகு கலையாது. சோனிகேட்டர் (ஒலியலையால் கட்டியைக் கலைக்கும் கருவி) டி.என்.ஏ. சேர்க்குமுன் மட்டும், பின்னால் வைத்தால் இழை அறுந்துபோகும்.

கலக்குவதற்கு பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) வேண்டாம், அதன் உப்பு மின்விலக்கத்தை மழுங்கடிக்கும். 5% குளுக்கோஸ் நல்லது. டி.என்.ஏ.வுக்குள் துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பாதி வழியில் அந்தச் சமநிலைப் புள்ளியைக் கடந்தாக வேண்டும், அங்கேயே கட்டிபிடிக்கும். சம அளவு எடுத்து ஒரே வீச்சில் ஊற்றி, உடனே வோர்டெக்ஸ் கருவியில் சுழற்றிக் கலக்கி, 20 நிமிடம் சும்மா வையுங்கள். பிறகு 1% அகரோஸ் ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்துங்கள்: டி.என்.ஏ. குழியிலேயே நின்றால் பிடிப்பு சரி. எதிர்மின் கொண்ட ஹெப்பாரின் சேர்த்ததும் டி.என்.ஏ. விடுபட்டு ஓட வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் பிடி மிஞ்சிவிட்டது.

கேள்வி: ஊசி போட்ட எலியின் எம்.ஆர்.ஐ. படத்தில் கல்லீரல் கறுத்திருந்தால் மரபணு வேலை செய்கிறது என்று கொள்ளலாமா? – வாசகர், தக்கலை

பதில்: கூடாது. டி2 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பது இரும்பு. அந்நியப் பொருளை விழுங்குவதே கல்லீரலின் குப்ஃபர் செல்களுக்குத் தொழில், டி.என்.ஏ. ஏற்றாத துகளைப் போட்டாலும் அங்கே கறுக்கும். ஏற்றியது வழியிலேயே உதிர்ந்திருக்கலாம், செல்லுக்குள் எண்டோசோம் பையில் சிக்கியும் கிடக்கலாம். லூசிஃபெரேஸ் (ஒளி தரும் நொதி) மரபணுவை ஏற்றி அதன் ஒளியையும் அளந்து பாருங்கள்; வெறும் துகள் போட்ட எலியும் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கறுப்பு மணலை நுணுக்கி இதற்குப் பயன்படுத்த முடியுமா? – வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: முடியாது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற இரும்பு–டைட்டானியம் கனிமம். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு போலக் காந்தத்துக்குத் துள்ளாது. அதே மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில், எம்.ஆர்.ஐ. படத்தைத் துலக்க உதவும் கடோலினியம் உலோகம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் பிரித்தெடுத்து, கீலேட்டுக்குள் (உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறு) இறுகக் கட்டிய பிறகே அது உடம்புக்குள் போகலாம். தனி அயனி நஞ்சு.