மூன்று மூலை சதுரம், ஒரு மூலை உருண்டை

கேள்வி: மே மாதம் லண்டனில் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். பத்து வயது மகன், ஏழு வயது மகள், முழங்கால் வலியுள்ள என் அம்மா கூட வருகிறார்கள். மகனுக்குப் போர், முற்றுகை என்றால் உயிர். கோட்டை பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்? பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா?

பதில்: ஒரு நாள்தான் என்றால் ராச்செஸ்டர் கோட்டைக்குப் போங்கள். கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் இருக்கிறது. செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் வேக ரயில் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். டோவர் கோட்டை இதைவிடப் பெரியதுதான். ஆனால் முற்றுகை என்றால் என்ன என்று ஒரு பையனுக்குச் சுவரைத் தொட்டே காட்ட ராச்செஸ்டர்தான் என் தேர்வு.

போனதும் உள்ளே நுழைய அவசரப்படாதீர்கள். 113 அடி உயரப் பெருங்கோபுரத்தை வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நான்கு மூலைகளில் எது வேறு மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். மூன்று சதுரம், தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை.

1215 அக்டோபரில், இங்கிலாந்து மன்னர் ஜானை எதிர்த்த பிரபுக்களின் படை இந்தக் கோட்டைக்குள் புகுந்துகொண்டது. ஜான் கல்லெறி பொறிகளால் அடித்துப் பார்த்தார், பணியவில்லை. அப்புறம் சுரங்கம் வெட்டுபவர்களை இறக்கினார். அவர்கள் அப்போது சதுரமாக இருந்த அந்தத் தென்கிழக்கு மூலைக்கு அடியில் குடைந்து, மண் சரியாமலிருக்க மரத்தால் முட்டுக் கொடுத்தபடி முன்னேறினார்கள். நவம்பர் 25-ஆம் தேதி ஜான் ஓர் ஆணை அனுப்பினார்: நன்றாகக் கொழுத்த, சாப்பாட்டுக்கு அவ்வளவாக ஆகாத பன்றிகள் நாற்பதை உடனே அனுப்பு, கோபுரத்துக்கு அடியில் தீ மூட்ட வேண்டும்! கொழுப்பில் தீ பிடித்து முட்டுகள் எரிந்தன, மூலை இடிந்து விழுந்தது.

சதுர மூலையில் இரண்டு சுவர்கள் ஒரே முனையில் சேர்கின்றன. அதன் அடியைப் பறித்தால் இரண்டுமே பிடி இழக்கும். உருண்டைக் கோபுரத்தில் அப்படித் துருத்தி நிற்கும் முனை கிடையாது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் அந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது உருண்டையாகவே கட்டினார்கள். மகனை அங்கே நிறுத்தி, பழைய மூலையையும் புதிய மூலையையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவனே காரணத்தைச் சொல்லிவிடுவான்.

உள்ளே தளங்களோ கூரையோ இல்லை. அண்ணாந்து பார்த்தால் பழைய கணப்படுப்புகள் சுவரில் அந்தரத்தில் நிற்கும். நடுவே ஓடும் குறுக்குச் சுவரைக் கட்டாயம் பாருங்கள். கிணற்றுக் குழாய் அதற்குள்ளேயே மேலேறுகிறது, தளங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறைக்க முடிந்தது. மூலை விழுந்த பிறகும் உள்ளே இருந்தவர்கள் இந்தச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். குதிரைகளையே அடித்துத் தின்றார்கள். கடைசியில் நவம்பர் 30 அன்று பசிதான் அவர்களைப் பணிய வைத்தது. மகளை ஒரு பக்கமும் மகனை மறுபக்கமும் நிறுத்தினால் அந்த நிலைமை அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அம்மாவை மேலே ஏற்றாதீர்கள். சுழல்படிகள் குறுகல், கல் தேய்ந்து போயிருக்கும். கோட்டைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே உட்கார்ந்தால் ஆறும் தெரியும், பக்கத்திலுள்ள பேராலயமும் தெரியும். பெரியவர்கள் முறை வைத்து ஏறுங்கள். உச்சியில் காற்று பலமாக வீசும், சின்னவள் கையை விடவே கூடாது. கடைசி நுழைவு நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.